கல் முனகாது

தட்டுகிறான். தட்டட்டும். டங், டங், டங், அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம், உளியை நகர்த்துகிறான் போல, மறுபடி டங். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் போய் அடியில் படுத்துவிட்டான். தூத்துக்குடியே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற வெயில். போர்டிகோவில் அந்தப் பழைய பிக்கப் வண்டி, வண்டிக்கு அடியில் என் புருஷன் மெல்டன், முன்னறையில் சுவரில் சாய்ந்து பாயில் நான், என் நெஞ்சின் மேல் இசபெல். பல் முளைக்கிற காய்ச்சல். காலையிலிருந்து அழுது அழுது இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறாள், அதுவும் என் நைட்டியின் ஜிப்பை விரலில் சுற்றிக்கொண்டு. நான் அசைந்தால் விழிப்பாள். விழித்தால் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். நடக்கக் கற்றதிலிருந்து இந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த இடம் அந்த வண்டியின் அடிதான், அப்பா படுத்திருக்கிற இருட்டு. அதனால் அசையாமல் இருக்கிறேன். கால் மரத்துப் போய் முழங்காலுக்குக் கீழே என்னுடையது மாதிரியே இல்லை. டங். வண்டியின் அடிச்சட்டத்தில் பிடித்திருக்கிற துருவை உளி வைத்துத் தட்டி உதிர்க்கிறான். ஒவ்வொரு அடி கேட்கும்போதும், சரி, இருக்கிறான் என்று ஒரு மூச்சு விடுகிறேன். விட்ட மூச்சு முடிவதற்குள் அந்த அடி சட்டத்தோடு நிற்காது, சட்டம் வழியாக இறங்கி, கீழே முட்டுக் கொடுத்திருக்கிற கல்லுக்குப் போகும் என்பது ஞாபகம் வருகிறது. அவன் இருக்கிறான் என்று சொல்லுகிற சத்தமும் அவனை இல்லாமல் ஆக்கப்போகிற சத்தமும் ஒன்றுதான். அவன், அவன், அவன். மனசுக்குள் அவன்தான். வாய்விட்டுப் பேசும்போது நீங்க, வாங்க, சாப்பிடுங்க. நேற்று சாயங்காலத்திலிருந்து அதுவும் இல்லை. நான் பேசவில்லை. நான் பேசவில்லை என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. அதை நினைக்கும்போதுதான் காதுக்குப் பின்னால் சூடாகிறது.

எந்தக் காலத்து வண்டி அது. வில்லிஸ் என்கிறான், அந்தப் பேரைச் சொல்லும்போது குரலே மாறும், பிள்ளை முதலில் அப்பா என்று சொன்னபோதுகூட அவனுக்குக் குரல் அப்படி மாறவில்லை. உப்பளத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கிடந்தது. முன் கண்ணாடி இருந்த இடத்தில் சாக்கு தொங்க, உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்தது. உப்புக் காற்றில் நின்று நின்று அதன் தரைத் தகரம் முழுக்க ஓட்டை, விரல் வைத்தால் உதிரும், அப்பளம் போல. பிள்ளையைப் பெற்று அம்மா வீட்டில் இருந்துவிட்டு நான் திரும்பி வந்த அன்றைக்கு, ஆட்டோவை விட்டு இறங்கினால், போர்டிகோ முழுக்க அது நிற்கிறது. வாசற்படியை மறித்துக்கொண்டு, ஓர் ஆள் நுழைய இடம் விட்டு அவன் அதைத் தள்ளினது அப்புறம்தான். துணியில் சுற்றின பிள்ளையோடு பக்கவாட்டில் ஒருக்களித்து நடந்து, அடுப்படிக் கதவு வழியாக என் வீட்டுக்குள் நான் நுழைந்தேன். என் பிள்ளை இந்த வீட்டுக்குள் முதன்முதல் வந்தது அடுப்படிக் கதவு வழியாக. “ஏட்டி, எப்படி இருக்கு?” என்று கேட்டான். பிள்ளையைக் கேட்கிறான் என்று நினைத்து, காய்ச்சல் இல்ல, நல்லாக் குடிக்கா என்று சொன்னேன். டங். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில். அம்மாவிடம் போனில் சொன்னால், “ஆம்பிளைக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்லாட்டி. அவரு குடிக்காம கெடக்காரே, அதுக்கு மாதாவுக்குத் தோத்திரம் சொல்லு” என்கிறாள். குடிக்காமல் கிடக்கிறான். உண்மைதான், கிடக்கத்தான் செய்கிறான், மல்லாந்து, வண்டிக்கு அடியில். குடித்திருந்தால் நாலு பேரைக் கூட்டி அழலாம். பங்குச்சாமியாரிடம் சொல்லலாம். வண்டிக்கு டிங்கரிங் செய்கிறான் சாமி என்று எந்தச் சாமியாரிடம் போய் அழுவது. அவர் மகிழ்ந்து போவார், முடிந்ததும் கொண்டு வாருங்கள் மந்திரித்துத் தருகிறேன் என்பார், தீர்த்தம் தெளிப்பார்.

சன்னலுக்கு வெளியே டெரன்ஸ் இன்னும் இருக்கிறான். லேத் பட்டறை வைத்திருக்கிறவன், மெல்டனுக்குப் பள்ளிக்கூடத் தோழன், வேலை எதுவும் செய்யமாட்டான், பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து யோசனை மட்டும் சொல்வான். “மாப்ள, பம்பர இன்னுங் கொஞ்சம் வெளிய இழுத்தா மூஞ்சி எடுப்பா இருக்கும்.” “மொதல்ல ஒம் மூஞ்சிய எடுப்பாக்குல.” “எம் மூஞ்சிக்கு என்ன? எங்கம்மாட்ட கேளு.” “ஒங்கம்மாவுக்குக் கண்புரைன்னு நீதானல சொன்ன.” சிரிக்கிறார்கள். அடியிலிருந்து வருகிற சிரிப்பு தகரத்தில் மோதி, கிணற்றுக்குள் விழுந்தவன் சிரிக்கிறது மாதிரி இருக்கிறது. இசபெல்லின் இமை ஒரு தடவை துடிக்கிறது. தூங்கு கண்ணே, தூங்கு, அது ஒன்றுமில்லை, அது அப்பா. “தங்கச்சி எங்கல, சத்தத்தக் காணும்?” “மதர் சுப்பீரியர் ஜெபத்துல இருக்காவ. எடஞ்சல் பண்ணாத.” மதர் சுப்பீரியர். கான்வென்டில் படித்த பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டினவர்கள்தான் இவன் வீட்டார். இங்கிலீஷில் ஜெபம் சொல்வாள், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். வாயைத் திறந்து ஒரு புத்தி சொன்னால் மதர் சுப்பீரியர். ஸ்கூட்டர் கிளம்புகிறது. டெரன்ஸ் போகிறான். போகாதே டெரன்ஸ், என்று ஒரு கணம். அவன் முட்டாள்தான், ஆனால் இரண்டு கையும் ஒரு ஸ்கூட்டரும் உள்ள முட்டாள். ஏதாவது ஆனால் ஓடிப்போய் நாலு பேரைக் கூப்பிடுவான். இனி யாருமில்லை. டங்.

அந்தக் கல். கண்ணை மூடினால் அந்தக் கல்தான் வருகிறது. காம்பவுண்டுச் சுவர் கட்ட இறக்கின ஹாலோ பிளாக். சுவர் இடுப்புயரம் வந்து நின்றுபோச்சு, ஏனென்றால் வண்டி வந்துவிட்டது, மிச்சக் கல் அங்கேயே குவியலாகக் கிடந்தது. வண்டியை உயரமாக்க வேண்டுமாம், பெரிய டயர் போட வேண்டுமாம், பின்னால் தேக்குப் பலகை அடித்து, கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து வாங்கின பித்தளை விளக்கு இரண்டை மாட்ட வேண்டுமாம். அதற்காக முன்பக்கத்து ஆக்ஸிலையும் ஸ்பிரிங் பட்டைகளையும் கழற்றிச் சுவரோரம் போட்டுவிட்டான். சக்கரமில்லாத மூக்கு, எஞ்சினின் முழுப் பாரத்தோடு, இந்தப் பக்கம் ஓர் அடுக்கு, அந்தப் பக்கம் ஓர் அடுக்கு, வெறும் கல்லின் மேல் நிற்கிறது. கல்லா அது. நடுவே ஓட்டை. அதையும் படுக்கப் போட்டு, ஓட்டை பக்கவாட்டில் தெரிய அடுக்கியிருக்கிறான். ஒரு ஓட்டைக்குள் ஸ்பேனர், ஒரு ஓட்டைக்குள் பீடிக்கட்டு மாதிரி சுருட்டின உப்புத்தாள், ஒன்றில் டெரன்ஸ் குடித்த டீக் கப். அலமாரி என்று நினைப்பு. லாரியில் வந்த அன்று நான் பார்த்தேன். இறக்குகிற ஆளின் கையிலிருந்து ஒன்று நழுவித் தரையில் விழுந்தது, பெரிய உயரம்கூட இல்லை, ரஸ்க் மாதிரி மூன்றாகப் போனது. அந்த ஆள் காலால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தான். நான் பார்த்தேன், அவனும் பக்கத்தில் நின்று பார்த்தான். பார்த்தவன்தான் அதை எடுத்து முட்டுக் கொடுத்திருக்கிறான். எங்கள் அப்பா வள்ளத்தைக் கரையேற்றினால் பனந்தடியின் மேல்தான் நிறுத்துவார். அடியில் படுத்து ஓட்டை அடைப்பார், தார் பூசுவார். ஒருநாள் படுத்திருக்கும்போதே சடாரென்று உருண்டு வெளியே வந்தார், எல்லாரும் என்ன என்ன என்றார்கள், தடி முனகுது என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தடி பிளந்தது. மரம் அப்படி. முடியவில்லை என்றால் சொல்லும். முனகும், நார் நாராகக் கிழியும், எழுந்து ஓட நேரம் கொடுக்கும். கல் முனகாது. கடைசி நொடிவரை தாங்கும், தாங்குகிற மாதிரியே இருக்கும், அப்புறம் இருக்காது. இதை நான் எந்தக் கான்வென்டிலும் படிக்கவில்லை.

அந்த வள்ளத்தின் பேர் ஜெனோவா. என் பேர். கடற்கரையில் பிள்ளைகள் பேரைத்தான் வைப்பார்கள், மூக்கில் நீலத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு நட்சத்திரம். நான் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு புயலில் அது பாறையில் ஏறி உடைந்தது. அப்பா நீந்திக் கரைக்கு வந்துவிட்டார். காலையில் பிரேயருக்கு வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நின்ற எங்கள் ஊர்ப் பெண் திரும்பி, ஜெனோவா சுக்கு நூறாப் போச்சாம்லா என்றாள். என் முகத்தைப் பார்த்து. அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, செய்தி சொன்னாள். நான் என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இப்போதும் ஞாபகம் இருக்கிறது, இடது கையால் வலது கையை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கரையில் ஒதுங்கின ஒரு பலகையை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார், என் பேரில் பாதி அதில் இருந்தது, வெகுகாலம் புறவாசலில் மீன் வெட்டுகிற பலகையாகக் கிடந்தது. இப்போது இந்த வண்டியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, டெரன்ஸ் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான். இசபெல். பெயின்ட் அடிப்பதற்கு அளவு பார்க்கிறார்களாம். நான் ஈரத்துணியால் துடைத்தேன். மறுபடி எழுதினார்கள். மறுபடி துடைத்தேன், மறுபடி எழுதினார்கள். “ஏட்டி, மழ பெய்யாமலே அழியுதே, என்ன அதிசயம்” என்று சிரித்தான். அவனுக்கு எல்லாமே சிரிப்பு. கோபமே வராத மனுஷன் என்று பேர். அவன் படாத கோபத்தையும் சேர்த்து நானே படவேண்டியிருக்கிறது.

நேற்று. நேற்றை மறுபடி நினைக்காதே. நினைக்காமல் எப்படி. சாயங்காலப் பால் பொங்குகிற நேரம், அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இசபெல் என் பின்னால் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துத் திரும்பினால் டப்பா மட்டும் கிடக்கிறது. இசபெல் என்றேன். இசா என்றேன். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், பீரோவுக்குப் பின்னால். அப்புறம் சிரிப்பு கேட்டது. போர்டிகோவில். போய்க் குனிந்தால், வண்டியின் மூக்குக்கு அடியில், இரண்டு பெரிய கால், பக்கத்தில் இரண்டு சின்னக் கால். கொலுசு. அப்பாவின் விலாவில் ஒட்டிப் படுத்து, கையில் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு, மேலே தகரத்தில் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவனும் தட்டுகிறான், அவளும் தட்டுகிறாள். “ஏட்டி, ஒம் மவ மெக்கானிக் ஆயிட்டா பாரு” என்றான். காலைப் பிடித்து இழுத்தேன். தலை எதிலோ இடித்தது, வீறிட்டாள். “புள்ளையப் பயங்காட்டாத” என்றான், அவன் என்னைச் சொன்னான். அந்தக் கணம்தான் நான் கல்லைப் பார்த்தேன். அவள் முகம் இருந்த உயரத்தில், அடுக்கில் மேலிருந்து இரண்டாவது கல்லில், ஒரு கீறல். தலைமுடி விழுந்து கிடக்கிற மாதிரி. விரலால் எடுக்கப் போனேன், வரவில்லை. கல்லு வெடிச்சிருக்குங்க என்றேன். கல்தான் முனகாது, நானாவது கத்தியிருக்க வேண்டும். மெதுவாகத்தான் சொன்னேன், குரலை உயர்த்தாமல், எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி. அவன் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தான். “அது மேப்பூச்சு.” மேப்பூச்சு இல்லீங்க, கல்லுக்கு ஏது பூச்சு. “வீட்டையே தாங்குற கல்லு, வண்டியத் தாங்காதா? கேக்கா பாரு கேள்வி.” ஒங்க ஹார்பர்ல, தூக்குன சாமானுக்கு அடியில நிக்காதன்னு போர்டு வச்சிருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அவன் அங்கே கிரேன் ஓட்டுகிறவன். தினமும் அந்தப் போர்டைத் தாண்டித்தான் ஏணியில் ஏறுகிறான். “அது லேபருக்கு” என்றான். டெரன்ஸ் டின்னில் உட்கார்ந்தபடி, “தங்கச்சி சொன்னா யோசிக்கணும் மாப்ள. பேசாம கல்லுக்கும் ஒரு பாவசங்கீர்த்தனம் வச்சிருவோம், வெடிச்சியா இல்லியான்னு அதுவே சொல்லட்டும்” என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது வாயை மூடினேன். இன்னும் திறக்கவில்லை.

மூடத் தெரியும் எனக்கு. நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். கான்வென்டில் வருஷத்துக்கு ஒருதரம் தியானம் வரும், அந்த நாட்களில் ஒரு வார்த்தை பேசக்கூடாது, சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட விரலைக் காட்ட வேண்டும். மற்றப் பெண்கள் தலையணைக்குள் வாயை வைத்துச் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். லெயோகாதியா சிஸ்டர் என்னைத்தான் எல்லாருக்கும் காட்டுவார். கோபம் வந்தால் வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்துக்கொள், ஜெனோவா, கோபம் போகிறவரை விழுங்காதே, துப்பாதே. அப்படித்தான் செய்தேன். ஹாஸ்டலில் என் புதுச் செருப்பைத் திருடினபோது, அம்மா பார்க்க வராமல் தம்பியை மட்டும் சினிமாவுக்குக் கூட்டிப்போனபோது, எல்லாவற்றுக்கும் ஒரு மிடறு. நேற்றிலிருந்து வாய் நிறையத் தண்ணீரோடு நடக்கிற மாதிரிதான் இருக்கிறேன். காலையில் புட்டை வைத்தேன், பழத்தை வைத்தேன், டீயை வைத்தேன், ஒரு சொல் இல்லை. பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தான். கண்டுபிடித்துவிட்டான், கேட்கப் போகிறான், என்னட்டி, ஏன் பேச மாட்டேங்க என்று கேட்டால் சொல்லிவிட வேண்டும், கல்லை எடுங்க, பனந்தடி போடுங்க, கட்டிலை உடைத்தாவது கட்டை தருகிறேன், சொல்லிவிட வேண்டும். “இன்னிக்கு வீடு அமைதியா இருக்கு, நல்லாருக்கு” என்றான். டங். அப்போதுதான் நினைத்தேன். விழட்டும். இல்லை, நினைக்கவில்லை. நினைத்தேன். வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு போகும்போது, தெளிவாக, ஒரு வாக்கியமாக. விழட்டும், அப்போது தெரியும். யாருக்குத் தெரியும். தெரிந்துகொள்ள யார் இருப்பார்கள். மாதாவே நான் அப்படி நினைக்கவில்லை. நினைத்ததைக் கேட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதே. ஆனால் கோபம் பொய் இல்லை. பயந்துபோய்க் கோபப்படுகிறாய் என்று யாராவது சொல்வார்கள். இருக்கட்டும். பயம் அவன் கொடுத்தது. கோபம் என்னுடையது, அதை எவனும் பயம் என்று பேர் மாற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

என்ன குறைகிறது. ஏதோ குறைகிறது. மின்விசிறி சுற்றுகிறது, இசபெல்லின் மூக்கில் சளி கீச்சிடுகிறது, எங்கோ காக்கை. டங் இல்லை. உளியை நகர்த்துகிறான். நகர்த்தட்டும். இன்னும் நகர்த்துகிறான். வேர்வை துடைப்பான். பெரிய துருவாக இருக்கும், உற்றுப் பார்ப்பான். இப்போது வரும். இப்போது. வராது. விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும், அத்தனை பாரம் விழுந்தால் வீடே அதிரும், பிள்ளை துள்ளி எழுவாள், அதனால் விழவில்லை. முழுதாக விழ வேண்டும் என்று என்ன இருக்கிறது. ஒரு கல் மட்டும் நசுங்கி, மெதுவாக, கொஞ்சமாக, ஒரு சாண் இறங்கினால் போதும், நெஞ்சின் மேல் உட்கார்ந்தால் போதும், அதற்குச் சத்தமே வராது, கத்த மூச்சு இருக்காது. கத்தியிருப்பானோ. நான் காலையை நினைத்துக்கொண்டிருந்தபோது, செருப்பை நினைத்துக்கொண்டிருந்தபோது. கூப்பிடு. என்னங்க என்று ஒரு சொல். சன்னல் பக்கத்தில்தான் இருக்கிறது. வாயைத் திறக்கிறேன், வரவில்லை. உண்மையாகவே வரவில்லை, உள்ளே அது தண்ணீராகவே நிற்கிறது. கூப்பிட்டு அவன் என்னட்டி என்று சாவகாசமாகக் கேட்டால் நான் தோற்றேன், கூப்பிட்டு அவன் கேட்காவிட்டால். கேட்காவிட்டால். இசபெல், கண்ணே, ஜிப்பை விடு. ஒவ்வொரு விரலாக எடுக்கிறேன். சூடாக இருக்கிறது ஒவ்வொரு விரலும். பாயில் கிடத்துகிறேன், இந்தப் பக்கம் தலையணை, அந்தப் பக்கம் தலையணை, விழித்துவிடாதே, என் உயிரே, கொஞ்ச நேரம். முன்கதவுக்குக் குறுக்கே நாற்காலியைக் கவிழ்த்துப் போடுகிறேன். மரத்த கால் தரையில் ஊன்றும்போது முள் முள்ளாகக் குத்துகிறது. சுவரைப் பிடித்து, நாற்காலியைத் தாண்டி, வாசற்படி.

கால்கள் தெரிகின்றன. முட்டிக்குக் கீழே, வெளிச்சத்தில், அசைவில்லாமல். வண்டி நின்ற உயரத்தில்தான் நிற்கிறது, இல்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கிறதோ, இந்தப் பக்கம். அவனுக்கு அடியில் விரித்திருக்கிற ஃப்ளெக்ஸ் பேனர் எங்கள் கல்யாணத்துக்கு டெரன்ஸ் கூட்டம் சர்ச் வாசலில் கட்டினது. வழுவழுவென்று இருக்கிறது, முதுகு நோகாது என்று பரணிலிருந்து எடுத்துக்கொண்டான். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், முக்காடு போட்டு, என் கன்னத்தில் கிரீஸ். என் முகத்தின் மேல் அவன் குதிகால். அது அசையவில்லை. சொல்ல வாயெடுக்கிறேன். அப்போது ஒரு காலின் பெருவிரல் எழும்பி, இன்னொரு காலின் கணுக்காலைச் சாவகாசமாகச் சொறிகிறது. அடியிலிருந்து ஒரு குரல், அவன் குரல் இல்லை, ஏதோ வெள்ளைக்காரன், உற்சாகமாக, இங்கிலீஷில். போன். போனில் படம் பார்க்கிறான். வெளிநாட்டில் எவனோ அவன் வீட்டு ஷெட்டில் இதே மாதிரி வண்டியைத் தூக்கி நிறுத்திச் சரிசெய்கிறதை, தூக்கி நிறுத்தின இந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறான். நான் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கணுக்கால்களைப் பிடித்தேன், இரண்டையும். நேற்றுப் பிள்ளையை இழுத்த மாதிரியே. ஃப்ளெக்ஸ் வழுக்கியது, எண்ணெயும் வேர்வையுமாக, முழு ஆம்பிளை ஒரே இழுப்பில் நெற்றி வரை வெளியே வந்தான், கையிலிருந்த போன் உள்ளேயே விழுந்தது. “ஏய், என்னட்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு” என்றான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, முகமெல்லாம் துருத்தூள், சிரிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி. நான் இன்னும் இழுத்தேன். படிக்கட்டு வரை. தலை முழுக்க வெளியே வந்ததும்தான் விட்டேன். சுத்தியல் தரையில் கிடந்தது. எடுத்தேன். “ஏட்டி” என்றான். இந்தத் தடவை வேறு குரல், எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனான். அவனை அடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டான். நினைக்கட்டும். ஒருபக்கமாக ஒதுங்கி நின்று, கையை நீட்டி, மேலிருந்து இரண்டாவது கல்லில், அந்த முடிக் கீறலில், தட்டினேன். ஓங்கி அடிக்கவில்லை. தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தட்டுவோமே, அவ்வளவுதான். அவன் மத்தியானமெல்லாம் தட்டின வேகத்தில் பாதி.

கல் முனகவில்லை. இருந்தது, அப்புறம் இல்லை. வண்டியின் மூக்கு முதலில் இந்தப் பக்கம் இறங்கி, அந்தப் பக்கத்து அடுக்கையும் தள்ளிக்கொண்டு, மொத்தமாகத் தரையில் உட்கார்ந்தது. போர்டிகோ அதிர்ந்தது, என் பல் வரை வந்தது அந்த அதிர்வு. சிமெண்டுத் தூள் எழும்பி நெற்றியில் இருந்த சாக்பீஸ் எழுத்தை மறைத்து, மெல்லப் படிந்தது. எஞ்சினுக்கு அடியிலிருந்து எண்ணெய் ஒரு கறுப்பு நாக்கு மாதிரி வெளியே வந்து, ஃப்ளெக்ஸில் என் முக்காட்டைத் தொட்டு, வளைந்து போனது. அவன் நாலு காலில் தவழ்ந்து, நடக்கும் முன்னால் இசபெல் தவழ்ந்தாளே அப்படி, வண்டியின் பக்கத்தில் போய்க் குனிந்தான். உள்ளே வெள்ளைக்காரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், உற்சாகமாக, எதையோ விளக்கிக்கொண்டு. கையை உள்ளே விடப் பார்த்தான். போகவில்லை. உள்ளங்கையைத் தரையோடு தட்டையாக வைத்துப் பார்த்தான். விரல்நுனி மட்டும் போயிற்று, நகம் வரை. அதற்கு மேல் இடமில்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். தரையில் வைத்த கன்னத்தை என் பக்கம் திருப்பி, என் முகத்தைச் சரியாகப் பார்த்தான், நேற்றிலிருந்து இப்போதுதான். உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டு அழுகிறாள். நாற்காலியைத் தாண்டி உள்ளே போகிறேன், வாய் மூடியபடி, சுத்தியல் கையோடு.